கவனம் எங்கே அறுகிறது? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அச்சுக்குப் போகும் முன் ஒரு நூலை வரிவரியாகப் படித்து, விட்டுப்போன ஒற்றையும் இடம் மாறிய காற்புள்ளியையும் பிடிக்க வேண்டும். இந்த வேலையில் கவனம் தவறியதை மறைக்கவே முடியாது. எந்தப் பத்தியில் கண்ணை மட்டும் அனுப்பிவிட்டு மனத்தை மேய விட்டேன் என்பது, மறுநாள் வேறொருவர் அதே பக்கத்தைப் படிக்கும்போது வெட்டவெளிச்சமாகிவிடும். ஒருமுறை 212ஆம் பக்கத்தில் 'பாட்டனார் மறைந்தார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பாட்டனார் மறந்தார்' என்று இருந்தது. இரண்டு முறை படித்தும் அதை விட்டிருந்தேன்.

என்னிடமும், என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களிடமும் இதே பழுதைப் பல ஆண்டுகளாகச் சரிசெய்து வந்ததில் ஒன்று பிடிபட்டது. 'கவனம் நிற்கவில்லை' என்பது ஒரே பழுது அல்ல. குறைந்தது ஐந்து பழுதுகளை அந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் எல்லோரும் முதலில் கைவைப்பது மன உறுதியில்தான். விளக்கு எரியாவிட்டால் சுவிட்சைப் பார்க்காமல் சுவரை இடிப்பது போன்ற வேலை இது. நான் முதலில் கேட்பது, எப்போது அறுகிறது என்பதைத்தான். தொடங்கும் முன்பா, தொடங்கிய சில நிமிடங்களிலா, அரை மணி கழித்தா, காலையில் எழுந்தது முதலா, நினைவு தெரிந்த நாளிலிருந்தா? பதிலுக்கு ஏற்ற தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

## எதையும் மாற்றும் முன்: மூன்று நாள், ஒரு தாள்

துண்டுத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனம் வேலையை விட்டுப் போனதை உணரும் ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு கோடு, அருகில் நேரம், எங்கே போனது என்பதற்கு ஒரே ஒரு சொல். 'கைபேசி', 'பேச்சு', 'கடன்', 'தூக்கம்', 'புரியவில்லை' என்று எது உண்மையோ அது. இந்த மூன்று நாளும் எதையும் திருத்த முயல வேண்டாம், பார்த்தால் போதும். கைபேசியில் மட்டும் குறிக்காதீர்கள். குறிக்கப் போன கை அங்கேயே தங்கிவிடும்.

தாளைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 2,250 பேரை நாளின் பல வேளைகளில் கைபேசி வழியே கேட்டபோது, ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரங்களில் அவர்கள் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. ஆகவே கோடே விழாத தாள் யாருக்கும் வாய்க்காது. கோடுகள் எங்கே கொத்தாக விழுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## இந்த வழிமுறையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியவை

நேற்றுவரை தெளிவாக இருந்தவருக்கு இன்று திடீரெனக் கவனம் குலைந்து, கூடவே முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு மனம் ஒன்றாமல் போனால் அன்றைக்கே காட்டுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத மயக்கம் இருந்தால் அதுவும் அவசர சிகிச்சைக்கு உரியது. வயதானவர் சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் குழம்பிப்போய், இடமும் நேரமும் தெரியாமல் தவித்தால் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் தொற்றோ, நீரிழப்போ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ இருக்கக்கூடும்.

படித்துக்கொண்டிருக்கும் குழந்தை சில விநாடிகள் விழித்தபடியே உறைந்துபோய், பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்தால், அடுத்த முறை பெயர் சொல்லி அழைத்துத் தோளைத் தொட்டுப் பாருங்கள். பகற்கனவு காணும் பிள்ளை பெரும்பாலும் திரும்பிப் பார்க்கும். திரும்பாவிட்டால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். திட்டாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

## அறிகுறி 1: வேலையைத் தொடவே முடியவில்லை

மேசையைத் துடைக்கிறோம். பென்சிலைச் சீவுகிறோம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடியும் துடைக்கிறோம். நாற்காலியில் உட்கார்வது மட்டும் நடக்கவில்லை.

முதல் அசைவு தெரியவில்லை. செலவே இல்லாத பழுது இது, இந்த அறிகுறிக்குப் பின்னால் மிக அதிகமாகக் காணப்படுவதும் இதுதான். பட்டியலில் 'அறிக்கை' என்று எழுதியிருக்கும். 'அறிக்கை' என்பதை யாராலும் செய்ய முடியாது. கோப்பைத் திறக்கலாம், போன ஆண்டு அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம், தலைப்பை எழுதலாம். சோதனை: 'என் கை முதலில் என்ன செய்யும்?' என்ற கேள்விக்கு வினைச்சொல்லோடு ஒரு வரி எழுதுங்கள். ஒரு நிமிடத்தில் எழுத முடியவில்லையா? பழுது உங்களிடம் இல்லை, வேலையில் இருக்கிறது. யாரோ ஒருவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு வாருங்கள்.

அசைவு தெரிகிறது, நேரம் குறிக்கப்படவில்லை. 'இன்று செய்வேன்' என்பதைவிட 'காலை உணவு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் கோப்பைத் திறப்பேன்' என்பது பலமடங்கு வேலை செய்கிறது. இப்படி ஒரு செயலின் வாலில் இன்னொரு செயலைக் கட்டும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். முடிவெடுக்கும் பாரத்தை மனத்திலிருந்து எடுத்துத் தட்டின் மேல் வைத்துவிடுகிறோம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அச்சம். தவறாகிவிடுமோ, மதிக்க மாட்டார்களோ என்ற பயமும் சோம்பல் வேடத்தில் வரும். சோதிக்க எளிய வழி இருக்கிறது: கிழித்துப் போடப்போகும் தாளில் பத்து நிமிடம் வேண்டுமென்றே மோசமாகச் செய்து பாருங்கள். அங்கே கை தடையின்றி ஓடினால் குறை திறமையிலும் இல்லை, கவனத்திலும் இல்லை. முதல் வரைவை எப்போதும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

எதையுமே தொடப் பிடிக்கவில்லை. வேலையில் மட்டுமா, பிடித்த பாட்டிலும் நண்பர்களிடமும்கூட நாட்டம் போய்விட்டதா? உறக்கமும் பசியும் மாறி, இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? கவனம் குறைவது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. பட்டியல் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, மருத்துவர் தேவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணியிலேயே ஒருவரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: தொடங்கிய சில நிமிடங்களிலேயே அறுகிறது

என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். அறுத்தது யார் என்பதைப் பார்த்தால் வழி கிளை பிரியும்.

### கிளை அ: வெளியிலிருந்து ஏதோ அழைத்தது

அறிவிப்பு ஒலி, அதிர்வு, திரையின் மூலையில் எட்டிப்பார்க்கும் செய்தி. இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒலியை நிறுத்துங்கள், கைபேசியைக் கவிழ்த்து வைப்பதோடு நிற்காமல் அடுத்த அறையில் வையுங்கள். அழைத்தே தீர வேண்டிய ஓரிருவருக்கு மட்டும் விதிவிலக்கு. அரை நாள் இப்படி இருந்து தாளைப் பாருங்கள். கோடுகள் பாதியாகியிருந்தால் வேலை முடிந்தது. குறையவே இல்லை என்றால் அடுத்த கிளை.

### கிளை ஆ: எதுவும் அழைக்கவில்லை, கை தானாகப் போகிறது

என்னிடம் பயின்ற ஓர் இளைஞரின் தாளில் ஒரே காலைப்பொழுதில் 23 கோடுகள். அவற்றில் 17க்குப் பக்கத்தில் 'கைபேசி'. அதுவோ ஒலி அடக்கப்பட்டுப் பைக்குள் கிடந்தது. மறுநாள் நேரத்துக்குப் பதிலாக, கை பைக்குப் போன கணத்தில் எந்த வரியில் இருந்தார் என்பதை மெய்ப்பிலேயே ஒரு புள்ளியால் குறிக்கச் சொன்னேன். மாலையில் தாள்களை வரிசையாக விரித்துப் பார்த்தோம். சரளமான உரையாடல் பக்கங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளிகள் அத்தனையும் அடிக்குறிப்புகளிலும், எண் அட்டவணைகளிலும், முக்கால் பக்கம் நீளும் வாக்கியங்களிலும் விழுந்திருந்தன. கைபேசி அவரை இழுக்கவே இல்லை. கடினமான வரிதான் அவரைத் தள்ளிவிட்டிருந்தது.

இந்தக் கிளையில் சிக்குபவர்கள் செயலிகளை அழிப்பார்கள், மூன்றாம் நாள் மீண்டும் நிறுவுவார்கள். தள்ளுவது நிற்காதவரை போக ஒரு வழி கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். கைபேசி இல்லாவிட்டால் ஜன்னல். அந்தக் கணத்தில் கைக்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்டது இது: புரியாத வரி வந்ததும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும், அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அப்போதும் புரியாவிட்டால் கேள்விக்குறியை விட்டுவிட்டுக் கீழே போக வேண்டும். இரண்டாம் வாரத்தில் அவர் தாளில் கோடுகள் ஆறு ஏழு என்ற அளவில் நின்றன. கைபேசி அதே பையில்தான் இருந்தது.

தன்னைத்தான் இடைமறித்துக்கொள்வது அவருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் 2004 வாக்கில் அளந்தபோது, அலுவலகப் பணியாளர்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் தங்கினார்கள். பிற்கால அளவீடுகளில் அது 47 விநாடிக்கு இறங்கியிருந்தது. தாவல்களில் ஏறத்தாழ பாதியை யாரும் தூண்டவில்லை, அவர்களே தாவினார்கள்.

### கிளை இ: முடிக்காத வேறொரு காரியம் நினைவுக்கு வருகிறது

கட்ட வேண்டிய தொகை, சொல்ல வேண்டிய பதில். தாளில் 'கடன்' என்ற சொல் நாலு முறை வந்திருக்கும். அதைப் பட்டியலில் எழுதிவிட்டால் போதும் என்பார்கள். என் அனுபவத்தில் போதாது. எழுதிய சொல் பட்டியலில் உட்கார்ந்துகொண்டு முறைக்கிறது. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று சேர்த்து எழுதினால்தான் அடங்குகிறது. 'கடன்' என்று எழுதாமல் 'மாலை ஆறு மணிக்கு அண்ணனை அழைத்து, தவணையைப் பத்தாம் தேதிக்குத் தள்ள முடியுமா என்று கேட்பேன்' என்று எழுதுங்கள். காரியத்தை முடிக்காவிட்டாலும், தெளிவான திட்டம் போட்டாலே அது குறுக்கிடுவது குறைகிறது என்று 2011ஆம் ஆண்டு மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் சோதனைகளில் காட்டினார்கள்.

### கிளை ஈ: முந்தைய வேலை ஒட்டிக்கொண்டே வருகிறது

கூட்டத்திலிருந்து எழுந்து வந்து வேறு கோப்பைத் திறந்த பிறகும் மனம் கூட்டத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டு சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதற்குக் கவன மிச்சம் என்று பெயர் வைத்தார். பாத்திரத்தில் ஒட்டிய மிச்சம்தான் எனக்கு நினைவுக்கு வரும். கழுவாமல் அடுத்ததை ஊற்றினால் ருசி கலக்கும். எழுந்திருக்கும் முன் 'இங்கே நிறுத்தினேன், அடுத்து இதைச் செய்ய வேண்டும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். அரை நிமிட வேலைதான். நான் மெய்ப்பில் நிறுத்திய சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் என்ன சந்தேகம் என்று இரண்டு சொல் எழுதிவைப்பேன். தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அந்த வட்டம் என்னை விட்ட இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைக்கும்.

### கிளை உ: பக்கத்தில் யாரோ பேசுகிறார்கள்

மின்விசிறி இரைச்சலைவிடப் புரியும் மொழியில் நடக்கும் பேச்சு அதிகம் கெடுக்கிறது. கண்ணை மூடலாம், காதை மூட இமை இல்லை. பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால்தான் ஓடுகிறது என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. ஒரே மாதிரியான பத்துப் பக்கத்தைப் பாடல் வரிகளோடும், இன்னொரு பத்துப் பக்கத்தைப் பாடல் இல்லாமலும் திருத்தச் சொல்லி, விட்டுப்போன பிழைகளை எண்ணுகிறேன். எனக்கே இதைச் செய்து பார்த்து நாணியிருக்கிறேன். வரியில்லாத இசை பலருக்குப் பரவாயில்லை. முதலில் இடத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் காதடைப்பான். விலை கூடிய ஒலிநீக்கிக் கருவியைக் கடைசியாக யோசிக்கலாம்.

இந்த அறிகுறிக்கு மருத்துவர் தேவைப்படுவது அரிது. எல்லாக் கிளைகளையும் இரண்டு மூன்று வாரம் நேர்மையாகச் செய்தும் தாள் மாறவில்லை என்றால் அறிகுறி 5ஐப் படியுங்கள்.

## அறிகுறி 3: அரை மணி நன்றாகப் போகிறது, பிறகு கண் மட்டும் ஓடுகிறது

212ஆம் பக்கத்தில் எனக்கு நடந்தது இதுதான். ஐம்பது நிமிடமாக எழாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதைப் பழுது என்று சொல்வதே தவறு. மூளையின் வார்ப்பே அப்படி. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் புள்ளிகளைத் தவறவிடுகிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட உளவியலாளர் நார்மன் மக்வொர்த், எண்களே இல்லாத ஒரு கடிகாரத்தைச் செய்தார். முள் படிப்படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை ஒரு படியைத் தாண்டிக் குதிக்கும். குதித்ததைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. 1948இல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரை மணிக்குள்ளேயே கண்காணிப்பு தளரத் தொடங்கிவிடுகிறது. விடாமல் பார்ப்பது, எப்போதாவது வருவதைப் பிடிப்பது என்று அமைந்த எல்லா வேலைக்கும் இது பொருந்தும். மெய்ப்பும் அப்படித்தான்.

ஆகவே முதல் மருந்து எழுந்திருப்பது. 25 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கைபேசியைப் பார்த்தால் அது இடைவேளை அல்ல, வேறொரு வேலை. எழ முடியாத நாளில் வேலையின் முகத்தை மாற்றலாம். நான் வரிக்குக் கீழே ஒரு அட்டைத் துண்டை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குவேன். சில நாள் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குவேன். திரையில் படிப்பதானால் எழுத்துருவை மாற்றிவிடுவேன். பழகிய பக்கம் அந்நியமாகிவிட்டால் கண் தானாக விழித்துக்கொள்ளும்.

இடைவேளை விட்டும் பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிறதா? அப்படியானால் கண்ணையே சந்தேகப்படுங்கள். எனக்கு 43 வயதில் மாதக்கணக்கில் 'மனம் ஒன்றவில்லை' என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மாலையானால் நெற்றி கனக்கும், வரிகள் மிதக்கும். தியானம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். கடைசியில் ஒரு நாள் மெய்ப்பை நான் கையை முழுதாக நீட்டிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். வெள்ளெழுத்து! நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்ட முதல் வாரத்திலேயே என் கவனம் 'திரும்பி வந்துவிட்டது'. இந்த வழிமுறையில் வரும் நிபுணர்களில் எளிதில் காணக்கூடியவர் கண் மருத்துவர்தான், ஆனால் கடைசியாகப் போவது அவரிடம்தான். குழந்தைகளுக்கும் இது பொருந்தும்: கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் 'கவனக்குறைவு' என்று பெயர் வந்துவிடுகிறது. காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

## அறிகுறி 4: காலை முதலே மந்தம், எந்த வேலையிலும் ஒன்றவில்லை

கோடுகள் எந்த வேளையிலும் கொத்தாக விழாமல் நாள் முழுக்கப் பரவியிருந்தால் வேலையையும் கைபேசியையும் விட்டுவிடுங்கள். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் இது.

உறக்கம். 'ஆறு மணி நேரம் எனக்குப் போதும்' என்று சொல்பவரை நான் நம்புவதில்லை, அவர் பொய் சொல்கிறார் என்பதனால் அல்ல. 2003இல் வெளியான ஒரு சோதனையில் சிலரை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் உறங்க விட்டார்கள். அவர்களுடைய கவனம், இரண்டு இரவு வரை கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்தது. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்றார்கள். பழுதை அளக்கும் கருவியே பழுதாகிவிடுகிறது. ஆகவே சோதனையை உணர்வால் செய்யாதீர்கள், கணக்கால் செய்யுங்கள்: இரண்டு வாரம், ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்து, ஏழரை அல்லது எட்டு மணி நேரம். பிறகு தாளை ஒப்பிடுங்கள். விடுமுறை நாளில் மட்டும் பதினொரு மணி வரை உறங்குபவர் என்றால் விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

காப்பி, தேநீர். மூளையில் தூக்கம் வரவைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் இருக்கையில், இவற்றில் உள்ள காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கக் கடன் தீர்வதில்லை, கடன்காரரின் குரல் கேட்காமல் போகிறது. உடலில் காஃபீனின் அளவு பாதியாக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்குக் குடித்ததில் பாதி இரவு பத்துக்கும் உள்ளே இருக்கும். முதலில் மதியத்துக்குப் பிந்தியதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலியோடு மந்தமும் கூடி, சோதனையே கெட்டுப்போகும்.

மாத்திரை. சளி, அரிப்பு, ஒவ்வாமைக்குக் கடையில் தானே வாங்கிப் போடும் பழைய வகை மாத்திரைகள் சில மறுநாள் காலைவரை மூளையை மங்கவைக்கும். மந்தம் தொடங்கிய வாரத்தில் புதிதாக எதைத் தொடங்கினீர்கள் என்று பாருங்கள். மருத்துவர் எழுதித் தந்ததானால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடம் சொல்லுங்கள்.

குறட்டை. எட்டு மணி நேரம் உறங்கியும் எழும்போதே களைப்பு, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகல், இரவில் பலத்த குறட்டை. நடுவில் மூச்சு நின்று திணறுவதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்திருக்கிறார். இது உறக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்க்கும் இடம் அல்ல. இந்த நிலையில் நீண்ட தூரம் வண்டி ஓட்டவும் வேண்டாம்.

இரத்தம். உறக்கம் சரி, காப்பி சரி, மாத்திரை இல்லை, குறட்டை இல்லை, ஆனாலும் ஒரு மாதமாக மந்தம் தீரவில்லை என்றால் பொது மருத்துவரிடம் போய் இரத்தசோகை, இரும்புச்சத்து, தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமாக உள்ள பெண்கள் இந்தப் படிக்குச் சீக்கிரமே வரலாம்.

## கைவைத்துப் பார்த்துக் கைவிட்டவை

மனிதரின் கவனம் தங்கமீனைவிடக் குறைந்து எட்டு விநாடியாகிவிட்டது என்ற கதைக்கு ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் பெரும்பாலும் அந்த விளையாட்டில் தேர்ச்சி பெறத்தான் உதவுகின்றன. மெய்ப்புக்கு வந்து சேர்வதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்பதும் கவனம் தேவைப்படும் வேலைகளில் நடப்பதில்லை. மூளை இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் நேரமும் ஒரு பிழையும் சிந்துகின்றன.

## அறிகுறி 5: நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்

மற்ற நான்கிலும் 'எப்போதிலிருந்து?' என்று கேட்டால் ஒரு மாதமோ ஆண்டோ பதிலாக வரும். இங்கே பள்ளிக்கூடம் பதிலாக வருகிறது. பொருள்களைத் தொலைப்பது, பேச்சின் நடுவே மனம் நழுவுவது, பாதியில் விட்ட வேலைகள், வரிசையில் நிற்க முடியாத தவிப்பு. பிடித்த ஒன்றில் புகுந்துவிட்டாலோ நேரம், பசி, அழைப்பு எதுவும் தெரியாது. 'அதில் மட்டும் ஆறு மணி நேரம் உட்கார முடிகிறதே, இதில் முடியாதா?' என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். முடியாது என்பதுதான் பழுது. இவர்களிடம் கவனம் குறைவாக இல்லை. அதை வேண்டிய பக்கம் திருப்பும் பிடி தளர்வாக இருக்கிறது.

இது ஆங்கிலத்தில் ஏடிஎச்டி (ADHD) எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடாக இருக்கலாம். 2013ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க மனநல வரையறைப்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தொந்தரவு தர வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். ஆகவே முப்பத்தைந்து வயதில் புதிய வேலைக்குப் போன பிறகு முதன்முதலாக வந்த சிதறலுக்கு இந்தப் பெயர் பொருந்தாது. மேலே திரும்பிப் போய் உறக்கத்தையும் மனச்சோர்வையும் பாருங்கள். ஐந்து நிமிட இணையக் கேள்வித்தாளைக் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மனநல மருத்துவர், குழந்தையானால் குழந்தை நல அல்லது நரம்பியல் மருத்துவர் முழுதாகப் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டியது. மருந்து உண்டு, பலருக்கு நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் நண்பரின் மாத்திரையைத் தேர்வுக்கு முந்தின இரவு வாங்கிப் போடுவது இதயத்தோடும் உறக்கத்தோடும் விளையாடுவது.

அறிகுறி எதுவானாலும் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். மூன்று நாள் தாள், இரண்டு வார உறக்கக் கணக்கு, தற்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், கிடைத்தால் பழைய பள்ளி மதிப்பெண் அட்டை. மதிப்பெண்ணுக்காக அல்ல, கீழே ஆசிரியர் கையால் எழுதிய குறிப்புக்காக. குறட்டைச் சந்தேகம் இருந்தால் ஒரே அறையில் உறங்குபவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் இல்லை என்று தலையாட்டும்போது அவர் ஆமாம் என்பார்.